ஹிப் ஹாப்பும் அம்பாப் பாட்டும்: ஊர்ப் பிள்ளைகளோடு வேலை செய்ய நினைப்பவர்களுக்கு

போன வருடம் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கூட்டம், 'இளைஞர் முன்னேற்றம்' என்று பெரிய பேனர். மேடையேறிய ஒருவர், இந்த ஹிப் ஹாப்தான் பிள்ளைகளைக் கஞ்சாவுக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று அரைமணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து மைக் பிடித்தவர், இளைஞர்களைக் கவர்வதற்காக ஹிப் ஹாப் மூலம் பிளாஸ்டிக் ஒழிப்பு நிகழ்ச்சி என்று அறிவித்தார். நாலு பையன்கள் தொப்பியைத் திருப்பி மாட்டிக்கொண்டு வந்து, யாரோ எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வேக வேகமாக வாசித்தார்கள். பின்னால் நின்ற அவர்களுடைய கூட்டாளிகளே சிரித்துவிட்டார்கள்.

திட்டியவர், பாராட்டியவர் இரண்டு பேருமே நல்ல மனிதர்கள்தான். ஆனால் தொப்பியையும் தொளதொள பேண்ட்டையும் வேகமாகப் பேசுவதையும் மட்டும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் மும்பையிலும் ஹிப் ஹாப்பை வைத்துப் பிள்ளைகளோடு வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அது எப்படி நடக்கும் என்று என்னைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில், நம் ராமநாதபுரக் கரையிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

கரைவலையிலிருந்து ஆரம்பிப்போம்

கரைவலை இழுத்தவர்களுக்கு அம்பாப் பாட்டு தெரியும். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆள் நிற்பார்கள், ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிக்கொண்டே இழுப்பார்கள். பாட்டின் தாளமே இழுப்பின் தாளம். சின்ன வயதில் என் மாமா ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். தெரிந்த நாலு வரியைப் பாடிவிட்டு, ஐந்தாவது வரியை அங்கேயே உண்டாக்குவார். யார் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார், வலைக்காரர் போன வாரம் பங்கை எப்படிக் குறைத்தார், எல்லாம் அந்த வரியில் வந்துவிடும். ஒருநாள் நான் மாட்டினேன். கயிற்றில் கை வைத்திருக்கிற மருமகனுக்குக் கண் மட்டும் டீக்கடையில் இருக்கிறது என்று பாடிவிட்டார். கரையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் இழுத்த இழுப்பு இருக்கிறதே, உள்ளங்கை எரிந்தது.

ஆக, ஒரு தாளம் இருக்கிறது, அதன்மேல் ஒருவர் அந்த நேரத்துக்கான சொல்லைக் கட்டிப் போடுகிறார், சுற்றி நிற்பவர்கள் கூடவே வாங்கிப் பாடுகிறார்கள். சொல்லப்படுவது அந்த ஊர்க் கதை. இன்னொரு பழக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எசப்பாட்டு. ஒருவர் பாட்டில் சீண்ட, மற்றவர் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வராதவர் தோற்றார். கை நீட்டினால் அதைவிடக் கேவலம்.

இந்த இரண்டும் புரிந்தால் ஹிப் ஹாப்பில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு நியூயார்க் வரை போய்வர வேண்டும்.

பிராங்க்ஸில் நடந்தது

நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதி பிராங்க்ஸ். அதன் குறுக்கே 1948-லிருந்து 1972 வரை ஒரு பெரிய விரைவுச்சாலையைப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு போனது, வசதி இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் ஜமைக்கா மாதிரித் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அங்கேயே மிஞ்சினார்கள். எழுபதுகளில் கட்டடம் கட்டடமாக எரிந்தது; இன்சூரன்ஸ் பணத்துக்காக வீட்டு முதலாளிகளே வைத்த தீயும் அதில் உண்டு. தனுஷ்கோடி 1964-ல் ஒரே ராத்திரியில் போனது. பிராங்க்ஸ் பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே சொந்தம் தெரு கோஷ்டிதான்.

1971 டிசம்பர் 2-ஆம் தேதி, மோதிக்கொண்ட கோஷ்டிகளுக்கு நடுவில் சமாதானம் பேசப் போன கார்னெல் பெஞ்சமின் என்பவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். கெட்டோ பிரதர்ஸ் என்ற கோஷ்டியில் சமாதானம் பேசுவதற்கென்றே இருந்தவர் அவர். பழிக்குப் பழி என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவருடைய ஆட்கள் பழி வாங்கவில்லை. டிசம்பர் 8-ஆம் தேதி ஹோ அவென்யூவில் பல கோஷ்டித் தலைவர்களை உட்கார வைத்துப் பேசினார்கள். அந்த ஒப்பந்தத்தால் சண்டை முழுதாக நிற்கவில்லைதான். ஆனாலும் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவில் நடக்கிற விருந்துக்குப் போய்வருகிற அளவுக்கு வழி திறந்தது. இந்தக் கதையைத் தெரியாமல் ஹிப் ஹாப்பை விளக்கவே முடியாது என்பது என் கருத்து, பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அப்புறம் 1973 ஆகஸ்ட் 11. செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும், அவ்வளவுதான் காரணம். பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு நுழைவு. பாட்டுப் போட்டது அவளுடைய அண்ணன் கிளைவ், வயது 18, ஜமைக்காவில் பிறந்தவன். டிஜே கூல் ஹெர்க் என்று பின்னால் உலகமே அறிந்த ஆள். இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கூட்டத்தை ஆட வைப்பவர்தான் டிஜே.

அவர் கவனித்தது ஒரு சின்ன விஷயம். நம் ஊர் சந்தனக்கூட்டிலோ சப்பரத்திலோ பேண்டு செட் வரும்போது பாருங்கள், டிரம்பெட் ஊதும்வரை பையன்கள் ஓரமாகத்தான் நடப்பார்கள். ஊதுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தி, டிரம் மட்டும் தனியாக அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நடுவில் குதிப்பார்கள். அதே கதைதான். பாடகர் நிறுத்தி, தாளம் மட்டும் ஓடுகிற சில நொடிகளுக்குப் பெயர் பிரேக். ஆடுகிறவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள் என்று கண்ட ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதியை இரண்டு கருவியில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடிகிற நேரத்தில் இன்னொன்றில் அதே பிரேக் ஆரம்பிக்கும், அதற்குள் முதலாவதைப் பின்னால் திருப்பிவிடுவார். சில நொடி, சில நிமிடமாக நீண்டது. அந்த நீட்டிய தாளத்தில்தான் பாட்டு, ஆட்டம் எல்லாம் முளைத்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கையில் ஒன்றுமில்லாத ஒரு ஊரில், அடிதடி சற்றுத் தணிந்த நேரத்தில், வீட்டில் கிடந்த இசைத்தட்டை வைத்துப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது ஹிப் ஹாப். அரசாங்கமோ கம்பெனியோ கொண்டுவந்து கொடுத்தது கிடையாது.

நாலு கலை, கூடவே ஐந்தாவது

ஹிப் ஹாப்பில் நாலு கலை உண்டு. அதில் முதலாவதான டிஜேவைப் பார்த்தாயிற்று. தாளத்தின்மேல் சொல் கட்டுகிறவர் எம்சி, அவர் செய்கிற வேலை ராப். நம் அம்பா எடுத்துக் கொடுப்பவர்தான். தமிழில் இது நமக்குக் கூடுதல் வசதி, ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு வெறுத்த எதுகை, மோனை, இயைபு மூன்றும் ராப்பில் அன்றாடத் தளவாடம். இயைபு என்றால் வரியின் கடைசி ஒத்து வருவது. ஒரு பையன் எழுதியது:

ஏலத்துல எங்க மீனு எடைக்கு எடை குறையுது,
ஏன்னு கேட்டா ஏஜென்ட்டு எருமை போல மொறைக்குது.

தமிழ்ப் பாடத்தில் 36 வாங்கியவன் எழுதிய வரி இது. மோனையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது ஆட்டம். பிரேக்கில் ஆடுவதால் பிரேக்கிங், ஆடுகிறவர்கள் பி-பாய், பி-கேர்ள். தரையில் கை ஊன்றிச் சுழல்வது, சட்டென்று தலைகீழாக உறைந்து நிற்பது எல்லாம் இதில் வரும். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இது ஒரு போட்டியாக இருந்தது, பெண்கள் தங்கத்தை ஜப்பானும் ஆண்கள் தங்கத்தைக் கனடாவும் எடுத்தன. பிள்ளை ஏன் தலையால் நிற்கிறான் என்று பயப்படுகிற அம்மாக்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நாலாவது கிராஃபிட்டி, அதாவது பொது இடத்தில் தன் பெயரைத் தனக்கே உரிய எழுத்தில் வரைவது. நியூயார்க்கில் டாக்கி 183 என்று ஒரு பையன், 183 அவன் தெரு எண், போகிற இடமெல்லாம் இதை எழுதி வைக்க, 1971-ல் நாளிதழில் செய்தியே வந்தது. பிறகு ரயில் பெட்டிகளில் எழுத ஆரம்பித்தார்கள், பெயர் ஊர் முழுக்கச் சுற்றி வரும் அல்லவா. நம் படகுகளில் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பூவும் சிலுவையும் பிறையும் போட்டுப் பெயர் எழுதுகிறோமே, பிள்ளை பெயரோ குலசாமி பெயரோ, அது கடல் முழுக்கப் போய்வருகிற மாதிரி. ஒரு வித்தியாசம், படகு நம்முடையது, ரயில் அவர்களுடையது அல்ல. அங்கே வழக்கு வந்தது. இங்கேயும் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது, எனவே சுவருக்கு உடையவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தூரிகையைத் தொட வேண்டாம்.

ஐந்தாவதை அறிவு என்பார்கள். நான் யார், என் ஊர் ஏன் இப்படி இருக்கிறது, எனக்கு முன்னால் இதை யார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது. மேடையில் காட்ட முடியாதது என்பதால் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளோடு செய்கிற வேலை நிற்பதே இதன்மேல்தான்.

வட்டம் என்ன செய்கிறது

சரி, இதெல்லாம் ஒரு பையனை எப்படி மாற்றும்? பாட்டுக் கேட்பதால் யாரும் மாறிவிட மாட்டார்கள். மாற்றம் நடக்கிற இடம் வட்டம். ஆடுகிறவர்களோ பாடுகிறவர்களோ வட்டமாக நின்று, ஒருவர் ஒருவராக நடுவில் வந்துபோவதற்குச் சைஃபர் என்று பெயர். அதில் ஒரு பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். உள்ளே வருகிறவனுக்கு முப்பது, நாற்பது நொடி. அந்த நேரத்துக்கு எல்லோருடைய கண்ணும் அவன்மேல். வகுப்பில் கடைசி பெஞ்சில் யாரும் கேள்வி கேட்காமல் விட்ட பையனுக்கு, திட்டுவதற்காக அல்லாமல் தன்னைப் பத்துப் பேர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சொதப்பினாலும் கை தட்டி வெளியே அனுப்புவார்கள், அடுத்த சுற்றில் மறுபடி வரலாம். பயமும் தைரியமும் ஒரே சாயங்காலத்தில் பத்துத் தடவை வந்துபோகும்.

வட்டத்தில் வழக்கமாகச் சேர்ந்து நிற்கிறவர்கள் ஒரு பெயர் வைத்துக்கொண்டால் அது க்ரூ. கோஷ்டியில் என்னென்ன கிடைக்குமோ, பெயர், தனி ஜாடை, நமக்கு ஒன்று என்றால் வந்து நிற்கிற ஆள், எல்லாம் இங்கேயும் கிடைக்கும். கத்தி மட்டும் வேண்டாம். இரண்டு க்ரூ எதிரெதிரே நின்று ஆட்டத்திலோ சொல்லிலோ மோதுவது பேட்டில். ஆளை மேலே தொடக் கூடாது. எசப்பாட்டில் சொன்னேனே, அதே சட்டம். பதினாறு வயதில் உடம்புக்குள் கொதிக்கிற ரோஷத்தை அடக்கு என்று சொல்லிப் பயனில்லை. அது வெளியே வருவதற்கு ஒரு களம் வேண்டும், எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி வேண்டும்.

இன்னொரு விதி பைட்டிங். அடுத்தவனுடைய அசைவையோ வரியையோ அப்படியே திருடுவதற்குப் பெயர் அது, வட்டத்தில் அதைவிட அவமானம் கிடையாது. கற்றுக்கொள்ளலாம், கற்றதைத் தன்னுடையதாக மாற்றித்தான் காட்ட வேண்டும். நோட்ஸை மனப்பாடம் செய்து கக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இது தலைகீழ்ப் பாடம், முதல் மாதம் தடுமாறுவார்கள். அதே நேரத்தில் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இங்கே வழக்கம். பதினெட்டு வயதுக்காரன் பன்னிரண்டு வயதுப் பொடியனுக்குக் கால் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுக்கும்போது, அவனிடம் நாம் பொறுப்பைப் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையே வராது. "அண்ணே, இந்த வாட்டி சரியா வந்துச்சா?" என்று பொடியன் கேட்பான், அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

சுருக்கமாக: வட்டம் கவனத்தைக் கொடுக்கிறது, க்ரூ சொந்தத்தைக் கொடுக்கிறது, பேட்டில் ரோஷத்துக்கு விதி போடுகிறது, சொல்லிக் கொடுப்பது பொறுப்பை ஏற்றுகிறது. ராப் இதில் ஒரு பாகம்தான்.

தாளைக் கொடுத்து வாசிக்க வைப்பது

இப்போது அந்த மேடைக்குத் திரும்பலாம். பிளாஸ்டிக் ராப்பைக் கேட்டுக் கூட்டாளிகள் ஏன் சிரித்தார்கள்? வரி அவர்களுடையது இல்லை, எழுதியவர் எங்கேயோ இருக்கிறார், வாசிக்கிறவனே நேற்றுத்தான் பாக்கெட்டைக் கடலில் எறிந்தான். அறிவும் இல்லை, சொந்தக் குரலும் இல்லை, ஒருவகையில் அது பைட்டிங்தான். காசு செலவழித்து ஏற்பாடு செய்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், இது விளம்பரம், இளைஞர் முன்னேற்றம் ஆகாது.

உருப்படியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மும்பை தாராவியில், நம் தென்மாவட்டத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம்தான், 2015-லிருந்து தாராவி டிரீம் புராஜெக்ட் பிள்ளைகளுக்கு இலவசமாக ஹிப் ஹாப் சொல்லித் தருகிறது. நியூயார்க்கில் கிறிஸ்டோபர் எம்டின் என்ற பேராசிரியர், ஜிஸா என்ற ராப் கலைஞரோடு சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் பாடத்தை ராப்பாக எழுதிப் போட்டியிட வைத்தார். எழுத வேண்டுமென்றால் பாடம் புரிந்தாக வேண்டும், தந்திரம் அதுதான். தமிழ்நாட்டில் 2015-ல் சென்னை ராப் கலைஞர் சோஃபியா அஷ்ரப், கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றிப் பாடிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டுதான் சாதித்தது என்று சொல்லக் கூடாது, ஆலை மூடிய 2001-லிருந்தே தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தாங்களே சேர்த்து வைத்த உண்மையைப் பாட்டு இன்னும் பல காதுகளுக்குக் கொண்டுபோனது.

பொதுச்சேவைக்கும் ஹிப் ஹாப்புக்கும் முடிச்சு விழுகிற இடம் இதுதான். ஊரில் இறங்கிச் செய்தவனுக்குத்தான் அதைப் பாட உரிமை. கரையில் ஒதுங்கிய அறுந்த வலைகளை, ஆமை மாட்டுகிற அந்த நைலான் குப்பையை, மூன்று ஞாயிற்றுக்கிழமை இழுத்து மூட்டை கட்டிய க்ரூ, நாலாவது வாரம் எழுதுகிற வரி வேறு மாதிரி இருக்கும். கை வலிக்க எழுதிய வரி என்று கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

நம் கரையில் செய்தால்

எங்கள் சின்ன ஹிப் ஹாப் கூட்டம் ஆரம்பித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. படகில் போகிற பத்தொன்பது வயதுப் பையனும் கோடை விடுமுறையில் இருக்கிற பள்ளிப் பையனும் ஒரே நேரத்தில் கரையில் சும்மா இருக்கிற காலம் வருடத்தில் அதுதான், சீட்டும் சண்டையும் கூடுகிற காலமும் அதுதான். நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள் அப்போதும் தொழிலுக்குப் போவார்கள், அவர்களுக்காக நேரத்தைச் சாயங்காலமாக வைத்தோம்.

மணலில் பிரேக்கிங் ஆட முடியாது, கால் புதையும், கை வழுக்கும். தடைக்காலத்தில் சும்மா கிடந்த ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையைக் கேட்டு வாங்கினோம். நாலு வாளித் தண்ணீர், தென்னை விளக்குமாறு, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் சுழல்கிறவன் முதுகில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதன்மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு ஓரத்தில் கல் வைத்தால் மேடை தயார். பாதி வேட்பாளர்கள் எங்கள் காலடியில்தான் கிடந்தார்கள். ஒரு புளூடூத் ஸ்பீக்கர், அதுவும் பாங்கு நேரத்திலும் கோவில் பூசை நேரத்திலும் அணைத்து வைக்கப்படும். வேறு செலவு இல்லை.

பெண் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் வரவே இல்லை. வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதைவிட ஏன் என்று கேட்டோம். ஆறு மணிக்கு மேல் முடியாது, அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், வீடியோ எடுக்கக் கூடாது. மூன்றையும் ஒத்துக்கொண்ட பிறகு ஐந்து பேர் வந்தார்கள், ஆடுவதைவிட எழுதுவதில் கெட்டி. பாசி எடுக்கப் போகிற அம்மாவைப் பற்றி அதில் ஒருத்தி எழுதினாள். பாறையில் விரல் கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள், பார்த்திருப்பீர்கள்:

பாசி எடுத்த எங்கம்மாவுக்குப் பத்து விரலும் துணிதான்,
பாதி விரலு எம் பீஸுக்கு, மீதி வட்டிக்காரன் பணம்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் கையை மறைத்துக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதவை

சந்தையில் ஓடுகிற ராப்பில் நிறையப் பாடல்கள் பெண்களைக் கேவலப்படுத்துகின்றன, போதையைக் கொண்டாடுகின்றன. அதை மறைத்துப் பேச முடியாது. மேடையில் திட்டியவர் பாதி உண்மை சொன்னார். தடை போட்டால் காதில் இயர்போன் வைத்துக் கேட்பார்கள். அந்த வரியை வட்டத்தில் போட்டு, உன் அக்கா முன்னால் இதைப் பாடுவாயா என்று கேட்டால் அவர்களே பேச ஆரம்பிக்கிறார்கள், அது எங்கள் அனுபவம்.

இதைவிடப் பெரிய ஆபத்து பெரியவர்களிடம் இருக்கிறது. ஹிப் ஹாப்பை வைத்துக் கோஷ்டிப் பிள்ளைகளைத் திருத்திய முன்னோடி என்று கொண்டாடப்பட்ட ஆஃப்ரிக்கா பம்பாட்டா மீது, 2016-ல் பல ஆண்கள் தங்களைச் சிறுவயதில் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார், ஆனால் தான் தொடங்கிய அமைப்பின் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் பிள்ளையோடு தனியறையில் பயிற்சி கிடையாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த இடம், குழந்தைகள் உதவிக்கான 1098 எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் என்று முதல் நாளே வைத்துவிட வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதை நடத்துகிறவர்கள் ஒருமுறையாவது படித்துவிட்டு வர வேண்டும்.

அப்புறம், இதனால் மீன் விலை ஏறாது, எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகு திரும்பி வராது. வேலை இல்லாதவனுக்கு வேலை வேண்டும், ஆட்டம் அதற்கு மாற்று ஆகாது. பேனரில் நிறைய எழுதிவிட்டால் பின்னால் நாம்தான் தலை குனிய வேண்டும்.

ஜூன் 15 வந்ததும் எங்கள் வட்டம் பாதியாகிவிட்டது. 36 மார்க் கவிஞனும் படகேறிவிட்டான். இனி அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை, படகு கரையை நெருங்கி டவர் கிடைத்திருக்க வேண்டும், குழுவில் ஒரு வாய்ஸ் நோட் வந்து விழுந்தது. புதிதாக எட்டு வரி. பின்னால் எஞ்சின் டப்டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது, அவன் அந்தத் தாளத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.